முகமூடியில் ஆணி அடிக்கும் பழைய இத்தாலியப் படம்: எங்கள் வாசகசாலையில் போடலாமா?

கோட்டைக்குள் வீடு எழுதியது:

வணக்கம். பத்மநாபபுரத்தில் கோட்டைச் சுவருக்கு உள்பக்கம் இருக்கும் தெருக்களில் ஒன்றில் குடியிருக்கிறேன். அரண்மனை பார்க்க வருகிறவர்கள் நடந்து போகும் வழியிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி எங்கள் வாசகசாலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, எட்டு முழ வேட்டி ஒன்றைச் சுவரில் இழுத்துக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் ஒரு பழைய படம் போடுவோம். இருபத்தைந்து பேர் வருவார்கள். பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மிச்சம் ஆச்சிமார், வேலை முடிந்து வரும் பெண்கள். இந்த மாதம் படம் தேர்ந்தெடுப்பது என் முறை.

நான் போட நினைப்பது மாரியோ பாவா இயக்கிய இத்தாலியப் படம், 'லா மாஸ்கெரா டெல் டெமோனியோ'. 1960ல் வந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவில் 'பிளாக் சண்டே' என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பேய்ப்படம் என்றால் இன்று காது கிழியும் சத்தம்தான் நினைவுக்கு வரும். இது அப்படி இல்லை. மூடுபனிக்குள் ஒரு குதிரைவண்டி சத்தமே இல்லாமல், மெதுவாக, தரையில் கால் பாவாத மாதிரி வரும். அந்த ஒரு காட்சிக்காகவே நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மோல்டேவியா நாடு, 17ஆம் நூற்றாண்டு. ஆசா என்ற அரசகுலப் பெண்ணைச் சூனியக்காரி என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். தீர்ப்புச் சொல்கிறவன் அவள் கூடப்பிறந்தவன். உள்பக்கம் முழுக்க ஆணி வைத்த உலோக முகமூடி ஒன்றை அவள் முகத்தில் பொருத்தி, பெரிய சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறார்கள். அதற்கு முன்னால் அவள் அவனுடைய வம்சத்தையே சபித்துவிடுகிறாள். எரிக்கப் போகும்போது மழை கொட்டித் தீயை அணைத்துவிடுகிறது. அப்புறம் குடும்பக் கல்லறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். சவப்பெட்டியில் முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடி, அதன் வழியே அவள் பார்க்கும்படி மேலே ஒரு சிலுவை. அந்தச் சிலுவை கண்ணெதிரே இருக்கும்வரை அவளால் எழுந்திருக்க முடியாது.

200 வருஷம் கழித்து அந்த வழியாக இரண்டு வைத்தியர்கள் வருகிறார்கள். பெரியவர் கல்லறைக்குள் ஒரு வௌவாலோடு மல்லுக்கட்டியதில் சிலுவையும் உடைகிறது, கண்ணாடியும் உடைகிறது. அதோடு விடாமல் முகமூடியைக் கழற்றிப் பார்க்கிறார். கண் இருந்த குழியிலிருந்து தேள்கள் ஊர்ந்து வருகின்றன. கண்ணாடி கீறிய கையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அந்த முகத்தில் விழுகிறது. அவ்வளவுதான். கோட்டையில் அதே வம்சத்தில், அதே முகத்தோடு காத்யா என்ற பெண் இருக்கிறாள். இரண்டு பேராகவும் நடித்தவர் பார்பரா ஸ்டீல்.

போன வாரம் இதை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தொரு வயது ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சு புரியாது, நான் தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்தாள். ஆணி அடிக்கும் இடத்தில் உலக்கையைக் கீழே வைத்துவிட்டாள்.

"கூடப்பெறந்தவனேவா கொல்லுகான்?"

"ஆமா ஆச்சி."

"பொறவு அவளுக்கு ஒரு கல்லாவது நட்டு வச்சானா?"

"இல்ல ஆச்சி. பெட்டியில போட்டு மூடிட்டான்."

"ஒரு வெளக்கு?"

"இல்ல."

"அப்போ அவ வராம எப்பிடி மக்ளே இருப்பா?"

இந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. எங்கள் பக்கத்தில் ஆணி என்றாலே ஒரு கதை உண்டு. ராத்திரி தனியாகப் போகிறவனிடம் அழகான பெண் ஒருத்தி வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவன் காலையில் நகமும் முடியுமாகக் கிடப்பான். மந்திரவாதி வந்து அவளைக் கட்டி, மரத்தில் இரும்பு ஆணி அறைந்து நிறுத்துவான். குமாரகோவிலுக்கு நடந்து போகும்போது, வழியில் எந்த மரத்தில் ஆணியைக் கண்டாலும் தொடக்கூடாது என்று ஆச்சி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிடுங்கினால் அவள் வந்துவிடுவாள். வைத்தியர் முகமூடியைக் கழற்றியபோது எனக்கு அந்தக் கைப்பிடிதான் நினைவுக்கு வந்தது. இத்தாலிக்காரருக்கும் எங்கள் ஆச்சிக்கும் ஒரே ஆணி எப்படித் தெரிந்தது?

ஆனால் கோட்டை வேறு. நான் பிறந்ததிலிருந்து அரண்மனைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். மரமும் ஓடும் சேர்த்துக் கட்டியது. முகம் பார்க்கலாம் போன்ற கறுப்புத் தரை. அழிகளின் வழியே வெயில் கோடு கோடாக விழும், மத்தியானத்தில்கூடக் குளிர்ந்திருக்கும். 1993ல் வந்த மணிச்சித்திரத்தாழ் என்ற மலையாளப் படத்தில் சில பகுதிகளை இங்கே எடுத்ததால் வருகிறவர்கள் எல்லாம் 'அந்தப் பூட்டிய அறை எது' என்று கேட்பார்கள். எனக்கு இங்கே ஒரு நாளும் பயம் வந்ததில்லை. அந்தப் படத்துக் கோட்டையைப் பார்த்தால் மட்டும் வயிற்றில் ஏதோ பிசைகிறது. குளிர் காயும் பெரிய கணப்பு இருக்கிறதே, அதற்குப் பின்னால் ரகசிய வழி. 'வீட்டுக்குள்ள என்னத்துக்கு இவ்வளவு பெரிய அடுப்பு?' என்று ஆச்சி கேட்டாள். வழி திறந்ததும், 'அதான பாத்தேன்' என்றாள்.

எனக்கு இதில் தெரிய வேண்டியது: ஒரே பெண்ணின் முகத்தைப் பிணமாகவும் அழகியாகவும் அந்தக் காலத்தில் எப்படிக் காட்டினார்கள்? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இணையத்தில் வேறு வேறு நீளத்தில் கிடைக்கிறதே, எதைப் போடுவது? முக்கியமானது இது. எங்கள் தெருமுனையில் இசக்கி அம்மன் பீடம் இருக்கிறது. படத்துக்கு முன்னால் இசக்கி கதையைச் சொல்லி ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். சரியா, தப்பா?


மார்த்தாண்டம் இருட்டறை எழுதியது:

தங்கச்சி, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியும். மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் இருபது வருஷம் கறுப்பு வெள்ளைப் படம் கழுவியிருக்கிறேன்.

கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு நிறம் கிடையாது, வெளிச்சம் கூடக் குறைய இருப்பதுதான் தெரியும். இதை வைத்து ஒரு வித்தை உண்டு. நடிகையின் முகத்தில் சிவப்புச் சாயத்தால் சுருக்கமும் குழியும் வரைந்துவிடுவார்கள். அவர் மேல் சிவப்பு வெளிச்சம் அடித்தால் அந்தக் கோடுகள் தோலோடு சேர்ந்து மறைந்துவிடும். முகம் பளிங்கு மாதிரி இருக்கும். கேமராவை நிறுத்தாமலே சிவப்பைக் குறைத்துப் பச்சையோ நீலமோ கொண்டுவந்தால், அதே கோடுகள் கறுத்து வெளியே வரும். பார்க்கிறவன் கண் முன்னால் ஒரு பெண் கிழவியாகிவிடுவாள். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. 1931ல் வந்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்திலேயே இதைச் செய்தார்கள். பாவா 1957ல் 'இ வாம்பிரி' படத்துக்குக் கேமராமேனாக இருந்தபோது ஒரு சீமாட்டி முதுமையடைவதை இப்படித்தான் காட்டினார். அந்தப் படத்தின் இயக்குநர் ரிக்கார்டோ ஃப்ரெடா பாதியில் விட்டுவிட்டுப் போக, மிச்சத்தை முடித்துக் கொடுத்தவரும் பாவாதான். முகத்தை வெளிச்சத்தால் செதுக்கும் அந்தக் கைப்பழக்கம் நீங்கள் சொல்லும் படத்திலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரியும்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. பிறந்தது 1914ல். அப்பா யூஜீனியோ பாவா சிற்பி, சினிமாத் தந்திரக் காட்சிகளிலும் கைதேர்ந்தவர். மகன் பல வருஷம் மற்றவர்களுக்குக் கேமரா பிடித்தார். இயக்குநர் என்று சொந்தப் பெயர் போட்டு முதல் படம் வரும்போது 1960 ஆகிவிட்டது. அதிலும் ஒளிப்பதிவை வேறொருவரிடம் விடவில்லை. தானேதான் பார்த்துக்கொண்டார். ஆயுசில் பாதி மற்றவர்கள் படத்துக்கு உழைத்த ஒருவர், ஒரு படம் கையில் கிடைத்ததும் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் அதில் இறக்கியிருக்கிறார். எனக்கு அந்தக் கோட்டையைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

கோட்டைக்கும் அதே கணக்குத்தான். வெளிப்புறம் ரோமுக்குப் பக்கத்தில் ஆர்சோலி என்ற ஊரில் உள்ள நிஜக் கோட்டை. உள்ளே நீங்கள் பார்க்கும் கூடமும் கல்லறையும் செட். எங்கே சுவர் முடிந்துவிட்டதோ அங்கே நிழலை வைத்தார். தூண் போதாத இடத்தில் புகையை விட்டார். உங்கள் அரண்மனையில் வெயில் எல்லா மூலைக்கும் போகிறது, அதனால் பயம் இல்லை. அவருடைய கூடத்தில் ஒரு மூலைக்கும் வெளிச்சம் போகாது.

அதனால்தான் ஒரு வேண்டுகோள். வேட்டியில் போடாதீர்கள். நீலம் போட்ட வேட்டி என்றால் கறுப்பு வெள்ளை எல்லாம் நீலம் பாய்ந்து தெரியும். சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தால் அதில் நேராக விழட்டும். தெருவிளக்கு உள்ளே வராமல் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டுங்கள். இந்தப் படத்தில் இருட்டு சாம்பலாகிவிட்டால் படமே இல்லை.


தோவாளை வில்லு எழுதியது:

மக்ளே, உன் ஆச்சி கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வயதிலிருந்து கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுப் பாடுகிறேன். இப்போது அறுபது தாண்டிவிட்டது. இசக்கி கோயில்களில் எத்தனை ராத்திரி, இசக்கியாக நாம் கும்பிடும் நீலியின் கதை பாடியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

நீ கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். படத்துக்கு முன்னால் இசக்கி கதை சொல்லாதே.

காரணம் இருக்கிறது. அந்தப் படத்தில் அவள் பிசாசுக்குத் தன்னைக் கொடுத்தவள். சாகும்போது தன் வம்சத்தையே சபித்துவிட்டுப் போகிறவள். எங்கள் பாட்டில் வருகிறவள் யார்? லட்சுமி என்ற தாசி. கோயில் நம்பி அவளை விரும்பினான், அவள் வீட்டுச் செல்வத்தையெல்லாம் தின்றான். கையில் ஒன்றும் இல்லை என்றதும் அவளுடைய தாய் அவனை விரட்டிவிட்டாள். இவள் மனசு கேட்காமல், போட்ட நகையோடு அவன் பின்னாலேயே நடந்தாள். வழியில் கள்ளிச்செடி நிழலில் அவன் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். அவன் மண்ணைக் கூட்டி, தலையை அதன் மேல் மெல்ல இறக்கி வைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போட்டான். நகைக்காக. சாகும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: கள்ளியே, நீ சாட்சி. அவள் அண்ணன் தேடி வந்து பார்த்து அங்கேயே உயிரை விட்டான். இங்கே கூடப்பிறந்தவன் கொல்லவில்லை மக்ளே, கூடச் செத்தான். மறுபிறவியில் கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நியாயம் கேட்டு வருகிறாள்.

இவளைச் சொல்லிவிட்டு உடனே அந்தப் படத்தைப் போட்டால், பிள்ளைகள் மனசில் இசக்கியும் சூனியக்காரியும் ஒன்றாகிவிடும். அது நடக்கக் கூடாது. எங்கள் பாட்டில் ஓர் இடத்தில்கூட அவளைச் சூனியக்காரி என்று சொல்ல மாட்டோம். கொலைப்பட்டவள் என்போம், பிறகு அம்மன் என்போம்.

முப்பந்தல் இசக்கி கோயிலுக்குப் போயிருப்பாய். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அள்ளிக்கொண்டு வரும், சுற்றிலும் காற்றாலை. லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். பிள்ளை கிடைத்தவர்கள் மண்ணில் செய்த குழந்தையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பழி வாங்கியவளிடம்தான் பிள்ளையைக் கொடு என்று கேட்கிறோம். உன் ஆச்சி 'கல்லாவது நட்டானா, விளக்கு வைத்தானா' என்று கேட்டது இதனால்தான். கொன்ற ஊரே கூடிக் கல் நட்டு, வருஷத்துக்கு ஒரு கொடை நடத்தி, உடுக்கையடித்து அவள் கதையை அவளுக்கே பாடிக் காட்டினால்தான் அவள் ஓரிடத்தில் இருப்பாள். ஆணி மட்டும் போதாது. ஆணி மந்திரவாதியின் வேலை. பாட்டு எங்கள் வேலை.

படத்தைப் போடு. முடிந்த பிறகு, கேட்கிற பிள்ளைக்குக் கதையைச் சொல். கேட்காத பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம்.


குளச்சல் பாறை எழுதியது:

அக்கா, நானும் எங்கள் கடற்கரை நூலகத்தில் படம் போடுகிறவன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

கோட்டைப் பேய்ப்படம் என்றால் எனக்கு முதலில் 'நோஸ்ஃபெராட்டு'தான். 1922ல் முர்னாவ் எடுத்த ஜெர்மன் ஊமைப்படம். பேச்சு இல்லாததால் மொழிச் சிக்கலும் இல்லை என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். கோட்டையாக வருவது ஸ்லோவாக்கியாவில் இன்றும் நிற்கும் ஓராவா கோட்டை. டிராகுலா நாவலை உரிமை வாங்காமல் எடுத்துவிட்டார்கள் என்று பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. தப்பிய பிரதிகளால்தான் நாம் இன்று பார்க்கிறோம். இதையெல்லாம் ஆர்வமாகச் சொல்லித்தான் படத்தை ஆரம்பித்தேன்.

கோட்டைக் காட்சிகள் வரைக்கும் பிள்ளைகள் ரசித்தார்கள். அப்புறம் கப்பல் வந்தது. கப்பலில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் கப்பல்தலைவன் தன்னைச் சுக்கானோடு கயிற்றால் கட்டிக்கொள்கிறான். அடுத்து, உயிரோடு ஓர் ஆள் இல்லாத அந்தக் கப்பல் தானாக நகர்ந்து துறைக்குள் வருகிறது. சத்தமே இல்லாமல்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்ததே, அதற்குப் பிறகு எங்கள் கரையில் நின்றவர்களுக்கு ஆளில்லாத வள்ளம் என்றால் என்ன என்று தெரியும். பின்வரிசையில் இரண்டு பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். ஒருவர் என் பெரியம்மா. நான் படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. பெரியம்மா மறுநாள் வழக்கம்போல மீன் குழம்பு கொடுத்துவிட்டாள். எனக்குத்தான் அதைச் சாப்பிட முடியவில்லை. யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்திய படம், மூஞ்சியில் சாயம் பூசிய பேய், இது யாரை என்ன செய்யும் என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் படம் மோசம் என்று சொல்ல வரவில்லை. இன்னும் எனக்குப் பிடித்த படம் அதுதான். தனியாகப் பார்க்கும்போது அந்தத் தலைவன் தன்னைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பேய்க்குப் பயந்தும் சுக்கானை விடாத மனுஷன் அவன். ஆனால் எங்கள் கரையில் இன்னும் சில வருஷம் அதைப் போட மாட்டேன்.

நீங்கள் தெருவில் யார் யார் வருவார்கள் என்று ஒரு தடவை மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். பீடத்துக்குப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்கள் சரி என்றால் போடுங்கள்.


பிரிண்ட் தேடி எழுதியது:

எந்தப் பிரதி என்ற கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை, அதனால் சுருக்கமாக. அமெரிக்கக் கம்பெனி வாங்கியபோது சுமார் 3 நிமிடத்தை வெட்டிவிட்டு, ஆங்கிலக் குரலைப் புதிதாகப் பதிந்து, ரொபெர்தோ நிக்கொலோசியின் இசையை எடுத்துவிட்டு லெஸ் பாக்ஸ்டர் இசையைப் போட்டார்கள். பிரிட்டனில் 1968 வரை திரையிடவே விடவில்லை. அதனால்தான் நீளம் மாறுகிறது. நிக்கொலோசி இசை உள்ள ஐரோப்பியப் பிரதியைப் போடுங்கள். அமெரிக்கப் பிரதியில் இசை ஒவ்வொரு பயத்தையும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடும். ஆனால் வெட்டாத பிரதியில் ஆணி அடிக்கும்போது ரத்தம் கூடுதல். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தச் சில விநாடிகளுக்குப் புரொஜெக்டர் முன்னால் ஓர் அட்டையைப் பிடித்துவிடுங்கள். கண்டம் பண்ணிய பிரதியைவிட அது மேல்.


கோட்டைக்குள் வீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி படம் போட்டோம். நடந்ததை எழுதாமல் தூங்க முடியவில்லை.

குளச்சல் தம்பி சொன்ன மாதிரி வீடு வீடாகப் போனேன். பீடத்துக்குப் பக்கத்து வீட்டு மாமி, 'படம்தானே, போடு' என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு அக்கா மட்டும், 'அடிக்கிறது வெட்டுறது இருந்தா நான் வரல்ல' என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்தில் இங்கேயே திரும்பி வந்தவர்கள். எனக்கு அது முதலில் தோன்றவே இல்லை. உங்கள் பதிலைப் படிக்காவிட்டால் நானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

மார்த்தாண்டம் அண்ணாச்சி, வேட்டியை அவிழ்த்துவிட்டுச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தோம். ஜன்னலுக்கு அரிசிச் சாக்கு. விளக்கை அணைத்ததும் பக்கத்தில் இருக்கிறவர் முகம் தெரியவில்லை. குதிரைவண்டி வந்தபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. சுவரிலிருந்தே அது இறங்கி வருவது போல இருந்தது. பிள்ளைகளுக்குச் சிவப்பு வெளிச்சக் கதையையும் செய்து காட்டினேன். சிவப்புப் பேனாவால் கையில் கோடு போட்டு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி அடித்தோம். கோடு மறைந்தது. தாளை எடுத்ததும் வந்தது. பத்து தடவை செய்யச் சொன்னார்கள்.

ஆணி அடிக்கும் இடத்தில் அட்டையைப் பிடித்தேன். படம் மறைந்தது, சத்தம் மட்டும் வந்தது. அதில்தான் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டான். அட்டையைப் பிடித்தது சரியா என்று எனக்கு இப்போதும் குழப்பமாக இருக்கிறது.

வில்லுக்காரப் பெரியவரே, முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஊர் ஜனம் பாதிரியாரோடு தீப்பந்தம் பிடித்து வந்து அவளை எரிக்கும்போது ஆச்சி முகத்தைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். 'ரெண்டாம் மட்டமும் கொல்லுகானுவளே' என்று மட்டும் சொன்னாள். படம் முடிந்த பிறகு ஏழு பிள்ளைகள் நீலி கதை கேட்டார்கள். ஆச்சி சொன்னாள். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி உள்ளே நின்று கேட்டேன். கள்ளியே நீ சாட்சி என்ற இடத்தில் அவள் குரல் பாட்டாக மாறியது. அவளுக்கு அந்தப் பாட்டு தெரியும் என்பதே எனக்கு நேற்றுவரை தெரியாது.

படத்தில் சத்திரக்காரியின் மகள் ஒருத்தி வருவாள், சின்னப் பெண். ராத்திரியில் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டகைக்குப் போய்ப் பால் கறக்கச் சொல்லி அனுப்புவார்கள். அவள் பயந்து பயந்து போய்க் கறக்கும்போதுதான் வெளியே கல்லறை மண் பிளந்து ஆசாவின் கூட்டாளி எழுந்து வருவான். பின்னால் அவள் சொல்லும் அடையாளத்தை வைத்துத்தான் வைத்தியரைக் கூட்டிப்போனவன் யார் என்றே கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சூனியக்காரியைவிட இவள்தான் பிடித்துப்போனாள். அவர்கள் வீட்டிலும் இருட்டில் தொழுவத்துக்குப் போகச் சொல்லுவார்கள் இல்லையா.

எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாலாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி என்னிடம் வந்தாள். 'அந்தப் பசுவ பொறவு யாரு கறந்தா?' என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். ஆச்சி கம்பை ஊன்றி எழுந்துகொண்டே பதில் சொன்னாள்.

"அந்தப் பிள்ளதான் மக்ளே. கறக்காம விட்டா மடி கட்டிப் போவும்லா."